சுவருக்கு அப்பால்

ஓடுபாதை: வரலாற்றுத் தொடர் – 11

சென்ற அத்தியாயத்தை டெனரிஃப் தீவின் மூடுபனியில் நிறுத்தியிருந்தோம். 1977 மார்ச் 27 அன்று லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தின் ஒற்றை ஓடுபாதையில் இரண்டு ஜம்போ ஜெட்கள் மோதின. 583 பேர் மாண்டார்கள். அதன் பிறகு விமானிக்கும் கோபுரத்துக்கும் இடையிலான வானொலிப் பேச்சின் இலக்கணமே மாறியது. ஒரு செய்தியை மட்டும் இந்த வாரத்துக்கென்று எடுத்து வைத்திருந்தேன். மோதியவற்றில் ஒன்றான பான் ஆம் விமானத்தில் இருந்த 396 பேரில் 61 பேர் பிழைத்தார்கள். மோதலில் பெரிதாக அடிபடாமல், பெல்ட்டைக் கூடக் கழற்றாமல், இருக்கையிலேயே உறைந்து உட்கார்ந்திருந்தவர்களைத் தாங்கள் பார்த்ததாக அவர்களில் சிலர் பிறகு சொன்னார்கள். எழுந்து நடக்க முடிந்தவர்கள் எழாமலே போனார்கள் என்ற அந்தச் சாட்சியம் ஆய்வாளர்களைப் பல ஆண்டுகள் தூங்கவிடவில்லை.

மோதல் முடிந்த பிறகு சிறிது நேரம் மிச்சம் இருக்கிறது. அந்த நேரத்தில் யார் கதவைத் திறந்தார்கள், யாருக்குக் கதவு திறக்கவில்லை, திறந்த கதவுக்கு வெளியே என்ன நிலம் இருந்தது என்பதே இந்த அத்தியாயம். இதற்காகக் கடல் கடந்து போக வேண்டியதில்லை. நான் இதை எழுதும் குருபரப்பள்ளியிலிருந்து நெடுஞ்சாலையில் சூளகிரி, ஓசூர் தாண்டி மாநில எல்லையைக் கடந்தால் போதும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு விமான நிலையம் என்றால் அன்றும் இன்றும் பெங்களூருதான். சென்னை தூரம், சேலத்துக்குச் சேவை வந்து வந்து நின்றுபோகும். 2008 மே மாதம் தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் திறக்கும்வரை, இந்தப் பக்கத்தவர்கள் போய் இறங்கியது நகரின் கிழக்கே இருந்த எச்.ஏ.எல் விமான நிலையத்தில். இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் அந்த ஓடுபாதையின் மேற்கு முனைக்கு அப்பால் ஒரு சுற்றுச்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சாலை, ஒரு நாலா, அதற்கும் அப்பால் கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் பசும்புல் மைதானம். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1990 பிப்ரவரி 14. பம்பாயிலிருந்து ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் 605, பகல் ஒரு மணிக்குப் பெங்களூரை நெருங்கியது. 139 பயணிகள், 7 ஊழியர்கள். வானம் தெளிவாக இருந்தது, ஓடுபாதை கண்ணுக்கு எதிரே தெரிந்தது. விமானம் ஏர்பஸ் ஏ320, பதிவெண் விடி-இபிஎன். நிறுவனத்தின் கைக்கு வந்து இரண்டு மாதம்கூட நிறைவாக ஆகாத புத்தம் புது விமானம். கம்பியும் கப்பியும் இல்லாமல் கணினி வழியாக இறக்கைகளை இயக்கும் அந்த வகை, உலகத்துக்கே அப்போது புதிது.

பயிற்சி பெறும் கேப்டன் ஒருவர் ஓட்ட, அவரைச் சோதிக்கும் கேப்டன் ஒருவர் பக்கத்தில் இருந்தார். இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பொறியமைப்பு, இன்ஜின்களை வெற்றோட்டத்தில் வைத்துக்கொண்டு உயரத்தை மட்டும் இழக்கும் முறைக்குப் போயிருந்தது. இறங்குவதற்கு வேண்டிய வேகம் 132 நாட். அது குறைந்து குறைந்து 106 நாட்டுக்கு வந்தது. உயரமானி 'நானூறு', 'முந்நூறு', 'இருநூறு' என்று அடி அடியாக உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தது. விமானிகள் இன்ஜினுக்கு முழு விசை கொடுத்தபோது இன்ஜின் அதைப் பெற்று உறுமி எழுவதற்கான நொடிகள் மிச்சமில்லை. ஓடுபாதைத் தொடக்கத்துக்கு ஏறத்தாழ 2,300 அடி முன்னாலேயே, அதாவது 700 மீட்டர் முன்னால், கோல்ஃப் மைதானத்தின் புல்லில் விமானம் தரை தொட்டது. எழும்பியது. மறுபடி விழுந்தது. மைதானத்தின் ஓரத்து மேட்டில் இடித்துச் சக்கரங்களையும் இன்ஜின்களையும் இழந்து, நாலாவையும் சாலையையும் தாண்டி, விமான நிலையச் சுவருக்கு வெளியே கல்லும் சேறும் புல்லுமான நிலத்தில் போய் நின்றது. தீ பிடித்தது.

92 பேர் இறந்தார்கள். 54 பேர் பிழைத்தார்கள்.

அதற்குப் பிறகு நாடு முழுக்க நடந்த விவாதத்தை நினைவுள்ளவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். போயிங்கை ஒதுக்கிவிட்டு ஏர்பஸ்ஸை வாங்கிய முடிவின் மீது ஏற்கெனவே அரசியல் புழுதி கிளம்பியிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 1988 ஜூன் 26 அன்று, பிரான்ஸின் ஹாப்ஸைம் நகரில் இதே வகை விமானம் ஒன்று கண்காட்சிப் பறத்தலில் மரங்களுக்குள் இறங்கி மூவர் இறந்திருந்தார்கள். எனவே குற்றவாளி கணினியா மனிதனா என்ற கேள்வி பத்திரிகைகளை நிறைத்தது. மத்திய அரசு இந்தியன் ஏர்லைன்ஸின் ஏ320 விமானங்கள் அனைத்தையும் மாதக்கணக்கில் தரையில் நிறுத்தியது. கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி கே. சிவசங்கர் பட் தலைமையில் விசாரணை நடந்தது. விமானம் வெற்றோட்ட இறக்கத்தில் இருப்பது தெரிந்தும், உயர அறிவிப்புகளைக் கேட்டும், விமானிகள் நிலைமையின் கடுமையை உணர்ந்து உடனே விசையைக் கூட்டத் தவறினார்கள் என்பது முடிவு.

இது முக்கியமான கேள்வி, முறையான விடை. ஆனால் அந்த வெள்ளத்தில் இரண்டாவது கேள்வி அடித்துச்செல்லப்பட்டது என்பது என் மனக்குறை. விமானம் ஏன் விழுந்தது என்று எல்லோரும் கேட்டார்கள். விழுந்த பிறகு உயிரோடு இருந்தவர்கள் ஏன் அத்தனை பேரும் வெளியே வரவில்லை என்பதை அதே உரத்த குரலில் யார் கேட்டார்கள்? இருக்கையிலிருந்து பிய்த்தெறியப்பட்டவர்கள், கால் முறிந்தவர்கள், புகையில் வழி தெரியாதவர்கள் என்று உள்ளே ஓர் உலகம் இருந்தது. வெளியே, தீயணைப்பு வண்டி சுவரையும் சேற்றையும் கடந்து வர வேண்டிய நிலம் இருந்தது. அந்த நிலத்தை விமான நிலையத்தின் பகுதியாக யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. சுவரோடு விமான நிலையம் முடிந்துவிடுகிறது என்பது காகிதத்தில் வரைந்தவர்களின் நம்பிக்கை. விமானத்துக்கு அது தெரியாது.

பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் ஏடுகள் இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகின்றன. ஓடுபாதையின் எந்த முனைக்கும் தீயணைப்பு வண்டி 3 நிமிடத்துக்குள் சென்று நுரையைப் பீய்ச்ச வேண்டும், முடிந்தால் 2 நிமிடத்துக்குள். ஓடுபாதைத் தொடக்கத்திலிருந்து வெளிப்புறமாக 1,000 மீட்டர்வரை, விமானம் இறங்கி வரும் வழியில், அவசர வண்டிகள் போகத் தயாரான பாதை இருப்பது நல்லது. வேலி இருந்தால் அதைத் தாண்டும் வழியும் முன்பே யோசிக்கப்பட்டிருக்க வேண்டும். பக்கத்தில் நீரோ சதுப்போ இருந்தால் அதற்கென்று தனிக் கருவிகள் வேண்டும். பெங்களூரில் புல் உரசியது 700 மீட்டரில். அந்த ஆயிரத்துக்குள்.

இப்போது விமானத்தின் உள்ளே வருவோம். எரியும் விமானத்திலிருந்து வெளியேறும் கலையைப் படிக்க நாம் 1985 ஆகஸ்ட் 22க்கு, மான்செஸ்டருக்குப் போக வேண்டும்.

பிரிட்டிஷ் ஏர்டூர்ஸின் போயிங் 737, 137 பேருடன் கிரேக்கத் தீவான கார்ஃபுவுக்குக் கிளம்பி ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருந்தது. இடது இன்ஜின் உடைந்து, அதன் துண்டு எரிபொருள் தொட்டியைத் துளைத்தது. விமானிகள் ஓட்டத்தை நிறுத்திப் பக்கவாட்டில் திருப்பினார்கள். விமானம் மேலே எழவே இல்லை, எதிலும் மோதவும் இல்லை, நகர்ந்து நின்றது. ஆனாலும் 55 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் புகையால். முன்பக்க வலது கதவு முதல் முயற்சியில் சிக்கிக்கொண்டது. முன்கதவுக்குப் போகும் இடம் இரு தடுப்புகளுக்கு நடுவே ஓராள் நுழையும் அகலம்தான். இறக்கைக்கு மேலே இருந்த அவசர வழியின் கனமான பலகை திறந்தவுடன் உள்ளே இருந்தவர் மேலேயே விழுந்தது. அந்த வழிக்குப் பக்கத்திலேயே ஓர் இருக்கை இடைஞ்சலாக இருந்தது. பின்னால் இருந்தவர்கள் இருக்கைகளின் முதுகின் மேல் ஏறி வந்தார்கள்.

ஹெலன் மியூர் என்ற உளவியல் பேராசிரியர் கிரான்ஃபீல்ட் கல்லூரியில் இதை மறுபடி நடத்திக் காட்டினார். ஒரு பழைய விமானத்தில் தன்னார்வலர்களை ஏற்றி, முதலில் வெளியே வரும் பாதிப் பேருக்கு ஐந்து பவுண்டு பரிசு என்றார். அதுவரை அமைதியாக வரிசையில் நகர்ந்த மக்கள் அந்தப் பணத்துக்காக முட்டிமோதினார்கள், கதவருகே நெரிசலில் சிக்கி ஒருவரை ஒருவர் அடைத்துக்கொண்டார்கள். உயிர்ப் பயம் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடத் துல்லியமான அளவுகோல் அதுவரை யாரிடமும் இல்லை. இன்று நாம் ஏறும் விமானத்தில் தரையோரமாக ஒளிரும் வழிக்கோடு, தீக்கு எளிதில் இரையாகாத இருக்கை உறை, இறக்கைவழிக் கதவருகே விரிவான இடம் ஆகியவற்றில் மான்செஸ்டரின் பாடம் இருக்கிறது. அந்தக் கதவருகே உட்காரும் பயணியிடம் விமானப் பணிப்பெண் வந்து தனியாக விளக்கிச் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். அதையும் கவனித்துக் கேளுங்கள்.

தொண்ணூறு நொடி என்ற கணக்கு அதற்கும் முன்பே பிறந்தது. 1965இல் அமெரிக்கா இரண்டு நிமிடம் என்று விதித்தது, 1967இல் அதை 90 நொடி ஆக்கியது. பாதிக் கதவுகள் அடைத்திருக்க, விளக்கு அணைந்திருக்க, முழு விமானமும் 90 நொடியில் காலியாக வேண்டும். 2006 மார்ச்சில் ஹாம்பர்க்கில் ஏ380 இதில் தேர்வானது. 873 பேர், 16 கதவுகளில் 8 வழியாக, 78 நொடிகளில் வெளியே வந்தார்கள். ஆனால் அது சாய்வில்லாத கூடத்தில், தாங்கள் சோதிக்கப்படுகிறோம் என்று தெரிந்து வந்தவர்களைக் கொண்டு நடந்த தேர்வு. பள்ளத்தில் ஒருபுறமாகச் சாய்ந்து கிடக்கும் விமானத்துக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

இந்தியாவுக்குத் திரும்பினால், 1993ஆம் ஆண்டு ஒன்றே போதும், இரண்டு பாடங்களுக்கு. ஏப்ரல் 26. இந்தியன் ஏர்லைன்ஸ் 491, டெல்லியிலிருந்து ஜெய்ப்பூர், உதய்ப்பூர் வழியாக ஔரங்காபாதுக்கு வந்து, மும்பைக்குப் புறப்பட்டது. 118 பேர். நல்ல வெயில், கனமான விமானம். ஓடுபாதையின் முனைக்குக் கிட்டத்தில்தான் தரையை விட்டது. முனைக்கு அப்பால் குறுக்கே பீட் சாலை. அதில் அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதி ஏற்றிய ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. இடது சக்கரமும் இன்ஜினின் அடிப்பாகமும் லாரியில் இடித்தன. கொஞ்ச தூரம் தள்ளாடிப் பறந்த விமானம் மின்கம்பிகளில் மாட்டி விழுந்தது. 55 பேர் இறந்தார்கள். விமானிகள் தாமதமாக மூக்கைத் தூக்கியதும், விமானம் ஏறும் நேரத்தில் அந்தச் சாலைப் போக்குவரத்தை நிறுத்திவைக்கத் தவறியதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

எனக்கு இந்த விபத்தைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு படபடக்கும், ஏனென்றால் லாரிச் சாலை எப்படியிருக்கும் என்று நன்றாகத் தெரியும். குருபரப்பள்ளி வழியாக இரவுபகலாக ஓடும் தேசிய நெடுஞ்சாலை 44இன் கன்டெய்னர்களுக்கும் டிரெய்லர்களுக்கும் யாராவது ஐந்து நிமிடம் நில் என்று சொல்லிப் பாருங்கள். சாலையைப் போட்டவர் ஒருவர், ஓடுபாதையைப் போட்டவர் வேறொருவர். ஔரங்காபாதில் அந்த இருவரும் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து பேசியிருந்தால் 118 பேரும் மும்பை போயிருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

அதே ஆண்டின் நவம்பர் 15. சென்னையிலிருந்து ஹைதராபாதுக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸின் ஏ300, அங்கே மோசமான தெரிவுநிலையில் இறங்க முடியாமல் திரும்பியது. இறக்கை மடல்கள் மடங்காமல் நின்றுவிட்டதால் எரிபொருள் மளமளவென்று தீர்ந்தது. கடைசியில் திருப்பதிக்கு அருகே நெல் வயலில் இறக்கினார்கள். 262 பேர், ஒருவரும் இறக்கவில்லை. தொட்டி வறண்டிருந்ததால் பெருந்தீ மூளவில்லை, வயல் மென்மையாக வாங்கிக்கொண்டது. அதே நிறுவனத்தில், அதே ஆண்டில், நிலமும் எரிபொருளும் இரு விபத்துகளை எப்படி இரு திசைக்குக் கொண்டுபோயின என்று பாருங்கள்.

நிலத்தின் பங்கை இதற்குப் பின்னும் இரண்டு முறை கண்டோம். 2010 மே 22 அன்று மங்களூருவின் மலைமேல் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தாக்கில் விழுந்த விமானத்தில் 166 பேரில் 8 பேர் மட்டும், உடைந்த பிளவின் வழியே, வெளியே வந்தார்கள். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் அதே மாதிரி மேட்டு ஓடுபாதையிலிருந்து சறுக்கி விழுந்த விமானத்தில் 190 பேரில் 21 பேர் இறந்தார்கள். அங்கே தீ பரவவில்லை. கொரோனா அச்சத்தில் ஊர் அடங்கிக் கிடந்த இரவில், கொண்டோட்டிப் பக்கத்து மக்கள் மழையில் ஓடிவந்து காயம்பட்டவர்களைத் தூக்கித் தங்கள் கார்களில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த மக்களை வரலாறு ஒரு வரியில் கடந்துவிடக் கூடாது. சுவருக்கு அப்பால் வாழ்ந்த அவர்கள்தான் அந்த இரவின் முதல் மீட்புக் குழு.

ஓடுபாதையில் இரண்டு விமானம் மோதும் கதையைத் தொடங்கி எங்கேயோ போய்விட்டேன் என்று நினைக்காதீர்கள். அந்த ஆபத்து நம் பக்கத்து விமான நிலையத்தின் வாசல்வரை வந்து போயிருக்கிறது. 2022 ஜனவரி 7, காலை. தேவனஹள்ளியில் இரண்டு இணை ஓடுபாதைகள் உண்டு. இண்டிகோவின் இரு விமானங்கள், ஒன்று கொல்கத்தாவுக்கு, ஒன்று புவனேஸ்வருக்கு, ஒன்றில் 176 பயணிகள், மற்றதில் 238 பயணிகள், ஏறக்குறைய ஒரே வேளையில் இரு ஓடுபாதைகளிலிருந்தும் எழுந்தன. ஒரே ஓடுபாதையில் மட்டும் புறப்பாடு நடத்தலாம் என்று பணிநேரப் பொறுப்பாளர் முடிவெடுத்திருந்தார், ஆனால் அந்த முடிவு தெற்குக் கோபுரத்தின் கட்டுப்பாட்டாளருக்குச் சொல்லப்படவில்லை. இரு கோபுரமும் இரு விமானத்துக்கும் அனுமதி கொடுத்துவிட்டன. வானில் இரண்டின் பாதையும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தன. ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கட்டுப்பாட்டாளர் அதைக் கவனித்து உடனே திசை மாற்றச் சொன்னார். 426 உயிர்கள். நிகழ்ச்சி எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படவில்லை என்பதும் பிறகு தெரியவந்தது.

டெனரிஃபில் ஒரு சொல் தவறாகப் புரிந்தது. பெங்களூரில் ஒரு சொல் சொல்லப்படவே இல்லை. தப்பியவர்கள் ஒருவர் பார்வையின் விழிப்பால் தப்பினார்கள். அந்த விழிப்பு ஒருநாள் அசந்தால் என்ன நடக்கும்? இரண்டே ஆண்டில், ஜப்பானில், உலகம் பார்த்தது.

2024 ஜனவரி 2, மாலை 5:47, டோக்கியோவின் ஹனேடா. முந்தைய நாள் நோட்டோ தீபகற்பத்தைப் பெரும் நிலநடுக்கம் குலைத்திருந்தது. அங்கே பாதிக்கப்பட்டவர்களுக்கான பொருள்களை ஏற்றிக்கொண்டு கடலோரக் காவற்படையின் சிறு விமானம் ஒன்று, ஆறு பேருடன் நீகட்டாவுக்குக் கிளம்பக் காத்திருந்தது. கோபுரம் அதை ஓடுபாதைக்கு முன்னே உள்ள நிறுத்தக் கோடுவரை வரச் சொல்லி, 'நம்பர் ஒன்' என்று வரிசையில் முதலாவது என்பதையும் சொன்னது. அந்த விமானம் கோட்டைத் தாண்டி ஓடுபாதையிலேயே போய் நின்றது, ஏறத்தாழ 40 நொடிகள். கோபுரத் திரையில் எச்சரிக்கை தெரிந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை, இடைவிடாமல் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. சப்போரோவிலிருந்து வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் 516, 367 பயணிகளும் 12 ஊழியர்களுமாக, அதன் மேல் வந்து இறங்கியது. சிறு விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் மாண்டார்கள். கேப்டன் மட்டும் படுகாயத்தோடு பிழைத்தார். நிலநடுக்கத்தில் தவித்தவர்களுக்கு உதவப் போனவர்கள் அவர்கள்.

ஜப்பான் ஏர்லைன்ஸின் அந்த ஏ350 தீப்பந்தாக ஒரு கிலோமீட்டருக்கு மேல் சறுக்கிப் போய் நின்றது. உள்ளே புகை நிரம்பியது. ஓர் இன்ஜின் அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. அறிவிப்புக் கருவி செத்துப்போனது. ஒன்பது பணிப்பெண்கள் மெகாஃபோனையும் தங்கள் குரலையும் வைத்துக்கொண்டு 367 பேரை நடத்தினார்கள். பிஞ்சுக் குழந்தைகள் எட்டுப் பேர் இருந்தார்கள். எட்டுக் கதவுகளில் மூன்று மட்டுமே பாதுகாப்பானவை: முன்னால் இரண்டு, பின்னால் இடதுபக்கம் ஒன்று. பின்கதவருகே நின்றவரால் விமானி அறையோடு பேச முடியவில்லை. வெளியே தீ இல்லை என்று தன் கண்ணால் பார்த்து, தன் முடிவில் கதவைத் திறந்தார். விமானம் மூக்கு தாழ்ந்து கிடந்ததால் பின்பக்கச் சறுக்கு செங்குத்தாகத் தொங்கியது. கேப்டன் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய்க் கடைசியாக இறங்கினார். தரை தொட்டதிலிருந்து 18 நிமிடம். 379 பேரும் உயிரோடு. அதன் பிறகு விமானம் முழுக்க எரிந்து கரியானது.

18 நிமிடம், 90 நொடி என்ற விதியை விட எத்தனை மடங்கு! ஆனாலும் ஒருவரும் சாகவில்லை. பயணிகள் கைப்பையை எடுக்கவில்லை என்பது அதில் பெரும் பங்கு. ஜப்பான் ஏர்லைன்ஸுக்கு 1985 ஆகஸ்ட் 12 அன்று மலையில் மோதிய 123ஆம் விமானமும் அதில் மாண்ட 520 பேரும் ஆறாத புண். 2006இல் அந்த விமானத்தின் உடைந்த பாகங்களையே ஹனேடா அருகே காட்சிக்கு வைத்து, தன் ஊழியர்கள் வந்து பார்த்துப் படிக்க ஒரு மையம் திறந்தது அந்த நிறுவனம்.

நம் மக்கள் அந்த இடத்தில் இருந்தால்? இதற்கு ஊகம் வேண்டாம், காணொளி இருக்கிறது. 2016 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போன எமிரேட்ஸ் 521, இறங்கும்போது மறுபடி எழ முயன்று வயிற்றால் தரையில் விழுந்து தீப்பிடித்தது. 300 பேர், பெரும்பாலோர் கேரளத்தவரும் நம்மவரும். காற்று பலமாக அடித்ததால் சறுக்குகள் சில பயன்படவில்லை. அந்தப் புகையிலும் எழுந்து மேலே பெட்டியைத் திறந்து பையை இறக்கியவர்களை ஒரு பயணியின் செல்போன் பதிவு செய்தது. பையை எடுத்தவர்களைத் திட்டிப் பயனில்லை. வளைகுடாவில் உழைப்பவனின் பாஸ்போர்ட்டும் சம்பளமும் நகையும் வீசாவும் அந்தப் பையில்தான் இருக்கின்றன, அது போனால் வாழ்க்கையே போனது போல. அதை விட்டுவிட்டு ஓடு என்று சொல்ல வேண்டுமானால், பாஸ்போர்ட்டை உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள் என்று ஏறும்போதே சொல்லித்தர வேண்டும். விமானத்தில் இருந்த அத்தனை பேரும் தப்பினார்கள். அணைக்க வந்த ஒரு தீயணைப்பு வீரர் வெடிப்பில் உயிரிழந்தார்.

குருபரப்பள்ளி சிப்காட்டிலும் ஓசூர் ஆலைகளிலும் வேலை பார்க்கிறவர்களுக்கு மாக் டிரில் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. சைரன் ஒலித்தால் டிபன் பாக்ஸ் லாக்கரிலேயே இருக்கும், மிஷின் ஓடினால் ஓடட்டும், எல்லோரும் அசெம்பிளி பாயின்டில் வந்து நிற்பார்கள், சூப்பர்வைசர் தலை எண்ணுவார். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் புதிய ஒப்பந்தத் தொழிலாளி வந்தாலும் இரண்டாவது டிரில்லில் அவரும் பழகிவிடுகிறார். வட மாநில இளைஞர்கள் மொழி தெரியாமலேயே ஓடக் கற்றுக்கொள்கிறார்கள். பயிற்சியால் பைக்கும் உயிருக்கும் உள்ள வரிசையை மாற்ற முடியும் என்பதற்கு இந்த எல்லைப்புறத்தில் ஆயிரக்கணக்கான சாட்சிகள் உண்டு. விமானத்தில் ஏறுகிறவருக்குத்தான் அந்தப் பயிற்சி இல்லை. பணிப்பெண் கைகாட்டும்போது பார்த்துக்கொள்ளும் ஒன்றரை நிமிடமே அவருக்கு வாய்ப்பது.

இதெல்லாம் இன்று ஏன் அவசரம் என்றால், ஓசூருக்கே விமான நிலையம் வரப்போகிறது. 2024 ஜூன் 27 அன்று சட்டப்பேரவையில் முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார்: 2,000 ஏக்கர், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகள். பெங்களூரு விமான நிலையத்தோடு செய்த ஒப்பந்தத்தில் 150 கிலோமீட்டருக்குள் 2033வரை வேறு விமான நிலையம் கூடாது என்ற நிபந்தனை இருப்பதால் பேச்சுவார்த்தையும் கூடவே நடக்கிறது. பேலகொண்டப்பள்ளியில் தனேஜா நிறுவனத்தின் ஓடுபாதை ஒன்று பல ஆண்டுகளாக இருக்கிறது. எங்கள் ஊர்ப்பக்கம் யாரைக் கேட்டாலும் பேச்சு நிலவிலையில் தொடங்கி வேலைவாய்ப்பில் முடியும். அது இயல்பு. நிலம் கொடுக்கப்போகிறவருக்கு நியாயமான விலை கிடைக்க வேண்டும் என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

ஆனால் இந்தப் பூமி சமவெளி இல்லை. கற்பாறைக் குன்றுகளும், குவாரிப் பள்ளங்களும், ஏரி ஏரியாகச் சேறும், தென்பெண்ணையும் கெலவரப்பள்ளி அணையும், கம்பி இழுத்துக் கட்டிய ரோஜாப் பண்ணைகளும், உயர் அழுத்த மின்கோபுரங்களும், தூங்காத நெடுஞ்சாலையும் கொண்டது. ஓடுபாதை எந்தத் திசையில் கிடந்தாலும் அதன் முனைக்கு அப்பால் இவற்றில் ஏதோ ஒன்று இருக்கும். முனைக்குப் பின் பாதுகாப்புப் பரப்பு குறைந்தது 90 மீட்டர், நல்லது 240 மீட்டர் என்கிறது பன்னாட்டு அளவு. குறைந்ததை விட்டு நல்லதை இப்போதே கேட்கலாம், ஏனென்றால் வரைபடம் இன்னும் காகிதத்தில் இருக்கிறது. முனையிலிருந்து 1,000 மீட்டர்வரை தீயணைப்பு வண்டி போகும் தார்ச்சாலை எங்கே, சுவரில் உடைந்து வழிவிடும் வாசல் எங்கே, ஏரிப்பக்கம் படகு எங்கே, நெடுஞ்சாலை குறுக்கிட்டால் அது தரைக்கு அடியில் போகுமா என்பதை நிலம் எடுக்கும் கூட்டத்தில் கிருஷ்ணகிரி கலெக்டரிடம் ஒரு விவசாயியோ ஒரு ஆலைத் தொழிலாளியோ எழுந்து நின்று கேட்கலாம். கேட்கும்போது 1990இன் கோல்ஃப் மைதானத்தையும் ஔரங்காபாதின் பஞ்சு லாரியையும் சொல்லலாம். அதற்காகத்தான் இந்த வாரம் அவற்றை இத்தனை விரிவாக எழுதினேன்.

அடுத்த வாரம் பறவைகள். 1986 செப்டம்பர் 29 அன்று சென்னை ஓடுபாதையில் இந்தியன் ஏர்லைன்ஸின் ஏ300 ஒன்று பறவை மோதியதால் புறப்பாட்டைக் கைவிட்டு ஓடுபாதையைத் தாண்டிப் போய் நின்ற கதையிலிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)